பத்துக்கு நாலு

"நான் எண்ணினது முப்பத்தாறு. நீங்க எண்பதுன்னு எழுதியிருக்கீங்களே, டீச்சர்?"

மெஹருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டீச்சருக்கு நாற்பது வயது. மாணவர் நாகலிங்கத்துக்கு அறுபத்தொன்று. மனைவி இறந்த பிறகு வீட்டில் உட்கார முடியாமல் வானம் படிக்க வந்தவர்.

திரையில் மில்லிமீட்டர் அலையில் எடுத்த வானம். நிகழ்ச்சி முடிந்த பழைய டிவி போல ஒரே இரைச்சல். அதற்குள் எங்கோ, ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கு அப்பால், மங்கலான புள்ளிகளாக விண்மீன் மண்டலங்கள்.

"உங்களுக்குத் தெரியாம பத்துப் பொய்ப்புள்ளி ஒளிச்சு வெச்சேன், ஐயா. நிஜம் மாதிரியே மங்கலா."

"அடடா! அதையும் எண்ணிட்டேனா?"

"நாலை மட்டும். அது போக முப்பத்திரண்டு நிஜம்."

"மீதி ஆறு?"

"இரைச்சல் முழுங்கிடுச்சு. பொய்யிலயே பத்துக்கு நாலுதான் கண்ணுல பட்டுதுன்னா, நிஜத்துலயும் அப்படித்தானே?"

நாகலிங்கம் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். எண்பது சரிதான்.

"இருந்தாலும், பார்க்காததைச் சேர்த்துக்கிட்டா பொய் இல்லையா?"

"விட்டாத்தான் பொய்."

நாகலிங்கம் தன் பையைத் திறந்தார்.

பையில் மகளின் கல்யாணப் பத்திரிகை இருந்தது, அச்சுக்குப் போகும் முன் திருத்துவதற்கு. 'அமரர் தமயந்தி – நாகலிங்கம் தம்பதியரின் ஏக புத்திரி.'

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், "ரெண்டு பொண்ணு" என்பாள் தமயந்தி.

"ஒண்ணுதான்" என்று அவர் உடனே திருத்துவார்.

மூத்தது பிறந்து அழவேயில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அவர் முகம் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தாள்.

வருஷக்கணக்கில் திருத்தினார். பிறகு யார் கேட்டாலும் அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன் அடித்தது. அச்சகத்துக்காரர்.

"சார், சாயங்காலம் மெஷின்ல ஏத்தணும். ஏதாச்சும் திருத்தம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு தம்பி. ஏக புத்திரி வேண்டாம். கனிஷ்ட புத்திரின்னு போடுங்க."

"நல்லவேளை சொன்னீங்க! அப்ப அக்கா பேரையும் கீழே 'நல்வரவை நாடும்' வரிசையில சேர்க்கணுமே. சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

நாகலிங்கம் வாயைத் திறந்தார்.

தமயந்தி ஏதோ ஒரு பேர் வைத்திருந்தாள். அவர் கேட்டதே இல்லை.

"சார்? பேரு?"