ஓரத்துக் கல்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு, சிமெண்டு ஆலையிலிருந்து கெமிஸ்ட் மார்க்கசகாயம் வந்தார். மலைபோல் கிடந்த குவியலின் ஓரத்தில் ஒரே ஒரு கல்லை எடுத்துச் சோதித்தார்.

"சுண்ணாம்பு பத்தாது. இந்தக் குவாரிக் கல்லே எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

கல்லுடைக்கும் நாற்பது பேரும் பிழைப்பு போச்சே என்று நின்றார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடும் செம்பாயிதான் கேட்டாள்: "ஒத்தக் கல்லை வச்சா சார் முடிவு பண்றது?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். சமைக்கிற உனக்கு நான் சொல்லணுமா?"

செம்பாயி அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். சாம்பாரைக் கலக்காமல் மேலாக ஒரு கரண்டி மொண்டு ஊற்றினாள்.

"என்ன இது, வெறும் தண்ணி! பருப்பே போடலையா?"

"ஒரு கரண்டிதானே சார் பாத்தீங்க?"

கெமிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"சோறு ஒண்ணுபோல வேகும் சார். சாம்பார்ல பருப்பு அடியில தங்கிடும். கல்லும் அப்படித்தான். மட்டக்கல்லு கெட்டி. பெருசு பெருசா உடைஞ்சு, கொட்டும்போது ஓரத்துக்கு உருண்டு வந்துடும். நல்ல கல்லு பொடிஞ்சு நடுவுல கெடக்கும்."

மார்க்கசகாயம் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். குவியலை மேலும் கீழும் நடுவுமாக இருபது இடத்தில் தோண்டச் சொன்னார். எடுத்ததை எல்லாம் இடித்துக் கலந்து, அதில் ஒரு பிடியைச் சோதித்தார். குவியல் தேறிவிட்டது.

மறுநாளும் அங்கேதான் சாப்பாடு. செம்பாயி கரண்டியை எடுத்தாள்.

"இரும்மா" என்று அதை வாங்கி, அவரே சாம்பாரை அடிவரை கலக்கினார்.