பின் அடித்த ஆறு பக்கம்

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்து மூன்று. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், இருக்கிறது. பாளையங்கோட்டையில் அப்படித்தான் நடந்தது, நான் என்ன செய்ய?

குரு, எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு முருகன்குறிச்சியில் வாடகை நூல் நிலையம் வைத்தவர். சீடர், ஆவுடையப்பன் அண்ணாச்சி. முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "புத்தகத்தோட இருந்தாப் போதும் டீச்சர், தொழிலைக் கத்துக்குடுங்க" என்று ஒருநாள் வந்து நின்றார். அன்றைக்கே தூசி தட்டும் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டார் டீச்சர்.

ஒரு செவ்வாய்க்கிழமை சுடர்மதி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற பெண். வேற்றுக் கிரகம், காலப் பயணம், மந்திர ராஜ்யம் என்றால் உயிரை விடுவாள். ஒரு காலத்தில் வாரத்துக்கு மூன்று புத்தகம் கொண்டு போவாள். இரண்டு வருஷமாக ஆளையே காணோம்.

"அண்ணாச்சி, எனக்குப் பழையபடி கதை வேணும். ஆனா பொம்பளைப் பிள்ளையளக் கெடுக்கிறது, சித்திரவதை, அது எதுவும் இருக்கக்கூடாது. எதை எடுத்தாலும் எங்கயாவது வந்துருது. புத்தகத்தத் தொடவே பயமா இருக்கு. கடைசியா ஒரு தடவை பாக்கேன். இதுவும் சரிப்படலன்னா என் கார்ட கேன்சல் பண்ணிருங்க."

அண்ணாச்சி தங்கமான மனுஷர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

"ஏம்மா, உனக்கு ஏதாச்சும்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

சுடர்மதி தரையைப் பார்த்தாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து டீச்சர் குரல் வந்தது. "அண்ணாச்சி, ஓட்டல்ல காரம் கம்மியாப் போடுங்கன்னு சொன்னா, அல்சர் சர்டிபிகேட்டு எங்கன்னா கேக்கான்?"

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்று நிலா உள்ள கிரகம், அதை ஆளும் ராணி என்று ஒரு தடிமனான புத்தகம். போன மாதம்தான் படித்திருந்தார். நடுவில் ஆறு பக்கம் மட்டும் கண்றாவி, மற்றதெல்லாம் அருமை. ஸ்டேப்ளரை எடுத்தார். அந்த ஆறு பக்கத்தையும் சேர்த்து மூன்று ஓரத்திலும் டக் டக்கென்று பின் அடித்தார். காகிதம் நுழையக்கூட இடமில்லை.

"பின் அடிச்சத மட்டும் தாண்டிரு தாயி. ஆறே ஆறு பக்கம்தான்."

வியாழக்கிழமை காலை புத்தகம் திரும்பி வந்தது. பின் ஒன்றுகூடப் பெயரவில்லை.

"படிச்சியாம்மா?"

"படிச்சேன் அண்ணாச்சி. பின் எப்ப வரும், எப்ப வரும்னே படிச்சேன். வந்துச்சு. தாண்டினேன். தாண்டுன பொறவு அந்த ராணி யாரு பக்கத்துல வந்தாலும் நடுங்கிப் போறா. ஏன்னு யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சு போச்சு." கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். "கோவமில்ல அண்ணாச்சி. நீங்க பாடுபட்டிருக்கீய."

டீச்சர் வெளியே வந்தார். "கார்டு இங்கயே கிடக்கட்டும் சுடர். நான் எதையும் கேன்சல் பண்ணல. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நடை வந்துட்டுப் போ."

"வாரேன்னு சொல்லல டீச்சர். பாக்கேன்."

அவள் தெரு திரும்பினாள். அண்ணாச்சி வெடித்தார்.

"இந்தக் கதை எழுதுதவன் பத்துக் கை உள்ள ஜனங்கங்கான். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சுங்கான். மலை வாயத் தொறந்து பேசுதுங்கான். எதை வேணும்னாலும் கற்பனை பண்ணுதான். இந்த ஒரு கேவலத்த மட்டும் ஏன் டீச்சர் நம்ம ஊர்ல இருந்து பொட்டலம் கட்டித் தூக்கிட்டுப் போறான்?"

டீச்சர் மேல் தட்டிலிருந்து ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"படிங்க."

"இதுல அதெல்லாம் இல்லையா?"

"படிங்க."

"இல்லன்னா சப்புன்னு இருக்குமே. கதைன்னா நாலு கெட்டது நடக்க வேண்டாமா டீச்சர்?"

"படிச்சிட்டு வந்து சண்டை போடுங்க."

பதினோரு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை மழை பெய்கிற கிரகம். அங்கே ஒரு கிழவி விஞ்ஞானி, ஒரு நாய், ஒரே ஒரு விதை. அவ்வளவுதான் கதை. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து படித்தார். ஆள் வந்து நின்றது தெரியவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மறுநாள் வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மழை வந்துச்சா?" என்றார் டீச்சர்.

"வந்துச்சு டீச்சர்." துண்டால் மூக்கைத் துடைத்தார். "அந்த நாய்தான் பாக்கல."

"சப்புன்னு இருந்துச்சோ?"

"ஏன் டீச்சர் வயித்தெரிச்சலக் கிளப்புதீய?"

"என்ன கொறஞ்சது, சொல்லுங்க."

அண்ணாச்சி யோசித்தார். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் கொறஞ்ச மாதிரி தெரியல" என்றார் மெதுவாக.

"அப்ப எழுதி ஒட்டுங்க." கையகலத் தாள் ஒன்றை நீட்டினார் டீச்சர்.

அண்ணாச்சி எழுதினார்: 'மிக நல்ல புத்தகம். தைரியமாகப் படிக்கலாம்.'

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். கிழித்துக் குப்பையில் போட்டார்.

"நல்லது கெட்டது யார் கேட்டா? தைரியம் அவகிட்ட இருக்கு, இல்லன்னா திரும்பி வந்திருப்பாளா? உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க."

"எல்லாத்தையும் எழுதிட்டா கதை போயிருமே. எழுதுன ஆளைக் குறை சொன்ன மாதிரியும் ஆயிரும்."

"கண்டக்டரா இருந்தப்ப வள்ளியூர் பைபாஸ் வண்டியில ஏறி நின்னுக்கிட்டு என்ன கத்துவீய?"

"ஊருக்குள்ள போகாது, ஊருக்குள்ள போகாதுன்னு."

"அது வண்டியக் குறை சொன்னதா?"

"சேச்சே. ஏறுதவனுக்குத் தெரிய வேண்டாமா? ரோட்டுல இறங்கிக் கிடந்து அல்லாடுவானே..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார் அண்ணாச்சி.

பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். வரி வரியாகப் படித்தார். இந்தத் தடவை அழவில்லை, அழ நேரமில்லை. எழுதி ஒட்டிய சீட்டு இப்படி இருந்தது:

'பக்கம் 61: பசி, இரண்டு நாள். பக்கம் 140: நாய் சாகிறது, வயதாகி. பக்கம் 172: விபத்து. ரத்தம் உண்டு, ஆள் பிழைக்கிறார். யாரும் யாரையும் பலவந்தம் செய்வதில்லை. முன்பு செய்ததாகப் பேச்சும் இல்லை.'

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. மாலை ஐந்தரைக்கு சுடர்மதி வந்தாள். நின்றபடியே சீட்டைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

"நாய் யாரு மடியில சாகுது அண்ணாச்சி?"

"அது கதையில இருக்கு தாயி. சீட்டுல இல்ல."

சுடர்மதி சிரித்துவிட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த கார்டையும் எடுத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் அழுவதா என்று டீச்சர் கேட்டுவிடுவாரோ என்று அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். "ரெண்டு தடவை படிச்சேன் அண்ணாச்சி. மழை வந்த எடத்துல நான் சத்தமாக் கத்திட்டேன், எங்க அம்மா ஓடி வந்துட்டா." அதற்குள் அண்ணாச்சி இன்னும் நாலு புத்தகத்துக்குச் சீட்டு ஒட்டியிருந்தார். இரண்டை எடுத்துக்கொண்டாள். "இன்னும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒல்லிப் புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனவர் நின்றார். சீட்டில் அவர் எழுத்துக்குக் கீழே நீல மையில், சுடர்மதி கையெழுத்தில், ஒரு வரி புதிதாக இருந்தது.

'பக்கம் 88: கதவை யாரோ பலமாகத் தட்டுகிற சத்தம். பயப்படாதீர்கள், காற்றுதான்.'

அண்ணாச்சி எண்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. நாலே வரி.

"டீச்சர், இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு? பென்சிலும் கையுமா வரி வரியாப் படிச்சேனே!"

டீச்சர் சீட்டை வாங்கிப் படித்தார். எழுத்து அழியாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டினார். புத்தகத்தை அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக் கதவ இதுநாள் வரைக்கும் காத்து மட்டும்தான் தட்டியிருக்கு, அண்ணாச்சி."