பத்துக்குப் பத்து வாங்கிய தேவாங்கு

சில்லாற்றின் நடுவில் ஒரு பாறை. பாறை மேல் ஓர் அத்தி மரம். ஆற்றுக்குக் கிழக்கே ஒரு காடு, மேற்கே ஒரு காடு. இரண்டு காட்டிலும் குரங்குகள்.

பங்குனி பிறந்தால் மற்ற மரங்களெல்லாம் காய்கனி இல்லாமல் நிற்கும். அந்த அத்தி மட்டும் அடிமரம் வரை பழுத்துத் தொங்கும். இரண்டு கரையிலும் நிற்கும் நாவல் மரங்களின் கிளை நுனியிலிருந்து பன்னிரண்டு முழம் தாவினால் அத்தியைப் பிடித்துவிடலாம். தவறினால் கீழே முதலை.

இரண்டு காட்டுக் குரங்குகளும் அந்த மரத்துக்காக வருஷா வருஷம் கடித்துக்கொண்டன. ஒரு கோடையில் மேற்குக் காட்டில் ஒரு கிழவனின் காது போனது. கிழக்குக் காட்டில் ஒரு கடுவன் குரங்கின் வால் பாதியானது. காதும் வாலும் போன பிறகுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம். புத்திக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இனிமேல் கடி வேண்டாம், போட்டி வைப்போம் என்று பேசி முடித்தார்கள். காட்டுக்கு ஒருவர் வரவேண்டும். கரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே தாவிக் காட்டவேண்டும். நன்றாகத் தாவியவர் காட்டுக்கு அந்தக் கோடை முழுவதும் அத்தி மரம் சொந்தம். ஜெயித்தவர் அன்று பொழுது சாய்வதற்குள் தன் கையால் மரத்தைத் தொடவேண்டும். தொடாவிட்டால் மரம் யாருக்கும் இல்லை.

நடுவராக யாரைப் போடுவது? தாவத் தெரிந்தவரைப் போட்டால் பழத்துக்கு ஆசைப்பட்டு ஓரம் சாய்வார் என்று பயந்தார்கள். ஆகவே தாவத் தெரியாதவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். முள்ளம்பன்றி குப்பாண்டி செயலாளரானார். எழுதுகோல் அவர் முதுகிலேயே முளைத்ததால் அந்த வேலைக்கு வேறு யாரும் போட்டி போடவில்லை.

முதல் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. தூரமாகத் தாவியவர் ஜெயித்தார். இரண்டாம் வருஷம் இருவரும் ஒரே தூரம் தாவிவிட்டார்கள். குப்பாண்டி ஒரு யோசனை சொன்னார். எல்லோருக்கும் முதலிலேயே பத்து மார்க் கொடுத்துவிடுவோம், தப்புச் செய்யச் செய்யப் பிடுங்கிக்கொள்வோம் என்றார். நடுவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

போட்டியின் பேர் பரவியது. தெற்குக் காடு எங்களையும் சேர்த்துக்கொள் என்றது. அப்புறம் மூங்கில் காடு, அப்புறம் சோலைக் காடு. சேர்ந்த காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுவர் நாற்காலி கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? ஆளுக்கு ஒரு தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

இறங்கும்போது சத்தம் வந்தால் அரை மார்க் போச்சு என்றது புனுகுப்பூனை. அந்தரத்தில் கால் பிரிந்தால் ஒரு மார்க் என்றது மிளா மான். நாக்கு வெளியே தெரியக்கூடாது என்றது உடும்பு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அதன் நாக்கு நாலு தடவை வெளியே வந்து போனது. முடி படிந்திருக்கவேண்டும் என்றது கரடி. முகத்தில் அவசரம் தெரிந்தால் வெட்டு என்றது ஆமை. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நடுவர்களுக்குத் தலை வணங்கவேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் சேர்ந்து, ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு, அண்ணாந்து பார்த்துப் பார்த்து நடுவர்களுக்குக் கழுத்து வலித்தது. ஆகையால் மரத்துக்கு மரம் தாவுவதையே எடுத்துவிட்டார்கள். கரடியின் தாடை உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியைக் கட்டினார்கள். அதில் தொங்கிக் கரணம் அடித்துக் காட்டினால் போதும்.

ஓரவஞ்சனையைத் தடுக்கவும் ஒரு வழி செய்தார்கள். எல்லா நடுவரும் மார்க் போடுவார்கள். அதில் ஆகப் பெரியதில் ஒன்றையும் ஆகச் சிறியதில் ஒன்றையும் அடித்துவிட்டு மீதியைக் கணக்கில் எடுப்பார்கள்.

பத்தாம் வருஷம் காடுகள் ஒன்பது ஆயின. போட்டிக்கு 'அகில கண்டக் கரணப் போட்டி' என்று பேர் ஆயிற்று. தப்புகள் இருநூற்று ஆறு ஆயின. அவற்றை எழுதிய ஓலைக்கட்டைத் தூக்க ஒரு காட்டெருமை வேண்டியிருந்தது.

அந்தப் பத்தாம் வருஷம் கிழக்குக் காட்டுக்காக வந்தவள் வீரக்காள் என்ற மந்தி. முன்பு வால் பாதியானவன் அவள் அப்பன்தான். இரண்டு கோடையாக அவள் காட்டுக்கு மரம் கிடைக்கவில்லை. கூட்டம் முழுவதும் முற்றின இலையைத் தின்று கிடந்தது. அவள் மடியில் பால் வற்றிவிட்டது. குட்டி வாயை வைத்துப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் விட்டுவிடும். இந்தக் கோடையும் பழம் இல்லையென்றால் குட்டி தங்காது. அது அவளுக்குத் தெரியும். ஆகவே மாசி மாதம் முழுவதும் கைத்தோல் உரியப் பழகினாள்.

ஒன்பதாவதாகச் சேர்ந்தது வறட்டுக் காடு. அங்கே குரங்கே கிடையாது. ஆனாலும் அந்தக் காட்டு நரிக்கு நடுவர் நாற்காலி மேல் ஆசை. போட்டிக்கு ஆள் அனுப்பாத காட்டுக்கு நாற்காலி இல்லை என்பது விதி. நரி காடெல்லாம் தேடியது. ஒரு வேல மரத்தில் சாந்தப்பன் என்ற தேவாங்கு பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிப் பார்த்தது. எழவில்லை. கிளையோடு ஒடித்துக்கொண்டு வந்துவிட்டது.

போட்டி தொடங்கியது. மேற்குக் காட்டுக் கடுவனுக்கு நாலு மார்க். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பிறகு வீரக்காள் வந்தாள். வணங்கினாள். கழியைப் பிடித்துச் சுழன்றாள். கையை விட்டு, அந்தரத்தில் இரட்டைக் கரணம் போட்டு, திரும்பி வந்து அதே கழியைப் பிடித்தாள். அப்படி ஒன்றை அதுவரை எந்தக் காடும் பார்த்ததில்லை. காகங்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

நடுவர்கள் மட்டும் ஓலையைப் புரட்டினார்கள். கால் பிரிந்தது, வெட்டு. முடி சிலிர்த்தது, வெட்டு. பல் தெரிந்தது, மூச்சு கேட்டது, வால் வளைந்தது. வெட்டி முடித்தபோது நாலே கால் மிஞ்சியது.

நாலே கால் என்றால் நாலுக்கு மேல்தானே! வீரக்காள் ஓடிப்போய்க் குட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றார் குப்பாண்டி.

நரி சாந்தப்பனைக் கிளையிலிருந்து பிரித்துக் கழியில் மாட்டியது. தேவாங்குக்குக் கை பட்டது எதுவானாலும் கிளைதான். நான்கு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தான்.

நடுவர்கள் ஓலையைப் புரட்டினார்கள். கால் பிரிந்ததா? இல்லை. நாக்கு? உள்ளே இருந்தது. முடி? படிந்திருந்தது. முகத்தில் அவசரம்? ஆமையே எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, கண் கலங்கித் திரும்பியது. அந்த நேரம் பார்த்துச் சாந்தப்பன் தலை தொங்கி விழுந்தது. வணக்கமும் ஆயிற்று.

எட்டு நடுவர்கள் பத்துப் போட்டார்கள். காட்டுப்பன்றி மட்டும் சுழியம் போட்டது.

"தூங்குறவனுக்கு எதுக்குய்யா மார்க்கு?" என்று கேட்டது அது.

கேட்டது சரிதான். ஆனால் ஆகச் சிறியதை அடித்துவிடவேண்டும் அல்லவா? சுழியத்தை அடித்தார்கள். ஒரு பத்தையும் அடித்தார்கள். மிஞ்சியதெல்லாம் பத்து. பத்துக்குப் பத்து! பத்து வருஷத்தில் முதல் தடவை! குப்பாண்டி சந்தோஷத்தில் உதறியதில் பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு முள் குத்தியது.

வீரக்காள் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அவரு ஒன்னுமே செய்யலையே."

"அதான் தாயி, தப்பும் செய்யல."

"என் குட்டிக்குப் பாலில்லய்யா."

குப்பாண்டி ஓலைக்கட்டைச் சுட்டினார். "இதுல எந்தத் தப்பை அவர் செஞ்சாருன்னு காட்டு. வெட்டிடறேன்."

அவளால் காட்ட முடியவில்லை. பின்னால் அவள் கூட்டத்துக் கடுவன்கள் பல்லைக் கடித்தார்கள். எதிர்ப்பக்கம் மேற்குக் காட்டுக்காரர்களும் கடித்தார்கள். அவள் அப்பனின் பாதி வாலைப் பார்த்தாள். கடி வேண்டாம் என்று குட்டியோடு பின்வாங்கினாள்.

சாந்தப்பனை எழுப்பினார்கள். நீங்கதான் சாம்பியன் என்றார்கள்.

"நான் என்னய்யா செஞ்சேன்?" என்று பதறினான் அவன்.

ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். அப்பாடா என்று மறுபடியும் கண்ணை மூடினான்.

கொடி மாலை போட்டு, கரடி முதுகில் ஏற்றி, ஆற்றங்கரைக்கு ஊர்வலம் போனார்கள். நாவல் மரத்தில் ஏற்றிவிட்டார்கள். கிளை நுனிக்குச் சாந்தப்பன் போய்ச் சேர்வதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. அங்கிருந்து அவன் அத்தியைப் பார்த்தான். பன்னிரண்டு முழம். கீழே பார்த்தான். வாழ்த்துச் சொல்ல வந்தவர் போல முதலை வாயைத் திறந்து வைத்திருந்தது.

"தாவுங்க சாம்பியன்" என்றார் குப்பாண்டி.

"தாவுறதா? பத்து மார்க்கு வாங்குனவனைப் போயி தாவச் சொல்றீங்களே. தாவினா காலு பிரியும், முடி சிலிர்க்கும். இருக்கிற பேரும் கெட்டுப்போகும்."

நடுவர்கள் அவசர அவசரமாக ஓலையைப் பிரித்தார்கள். தாவுவதில் வரக்கூடிய இருநூற்று ஆறு தப்பும் அதில் இருந்தது. எப்படித் தாவுவது என்று ஒரு வரி இல்லை.

பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. தொடாவிட்டால் மரம் யாருக்கும் இல்லை. யாருக்கும் இல்லாத மரத்துக்கு நாளை என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு காட்டுக் கடுவன்களும் இப்போதே ஒருவர் காதை ஒருவர் குறிபார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

சாந்தப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"யக்கா, நாலே கால் வாங்குன அக்கா. உன் முதுகுல எடமிருக்கா?"

"என்னை நம்பி ஏறுவீங்களா?" என்றாள் வீரக்காள்.

"நீ சுத்துனப்ப ஒரு காத்து அடிச்சுது பாரு, அதுலதான் எனக்கு அரைக்கண்ணு முழிச்சுது. இடி இடிச்சாலும் முழிக்காதவன் நான். இன்னிக்கு நானும் ஒரு மார்க்குப் போட்டேன். எங்கிட்ட ஓலைதான் இல்ல."

என் கை பட்டால் மரம் வறட்டுக் காட்டுக்கு, அங்கே அதில் ஏற வேறு ஆள் இல்லாததால் அது என்னுடையது, என் மரத்துக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவேன் என்றான். பழத்தில் மொய்க்கும் பூச்சி எனக்குப் போதும், பழத்தை இரண்டு காட்டுக் குட்டிகளும் தின்னட்டும் என்றான். விதியில் அதற்குத் தடை இருக்கிறதா என்று குப்பாண்டி தேடினார். விருந்தாளியைக் கூப்பிடக்கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வீரக்காள் குட்டியைப் பாதி வால் அப்பனிடம் கொடுத்தாள். சாந்தப்பன் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டான். கிளையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். தாவினாள்.

"காலு பிரிஞ்சுது!" என்று கத்தியது மிளா.

"நாக்கு!" என்றது உடும்பு.

கிளையே முறிந்தது போன்ற சத்தத்தோடு, முடியெல்லாம் சிலிர்த்து, பல்லெல்லாம் தெரிய, ஒற்றைக் கையால் அத்தியைப் பிடித்தாள் வீரக்காள். சாந்தப்பன் தன் கையை நிதானமாக நீட்டி மரத்தைத் தொட்டான். அப்புறம்தான் பொழுது சாய்ந்தது.

வாங்க என்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். இரண்டு கரையிலிருந்தும் தாய்கள் குட்டிகளைக் கட்டிக்கொண்டு தாவினார்கள். யாரும் கடித்துக்கொள்ளவில்லை. வாயில் பழம் இருக்கும்போது கடிப்பது கஷ்டம். மூன்றாம் நாள் வீரக்காளுக்குப் பால் சுரந்தது. குட்டி குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழுதது.

கரையில் நடுவர்கள் அந்தத் தாவலுக்கு மார்க் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றே முக்கால் வந்தது. ஆற்றைக் கடந்து போய் அதை அவளிடம் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

அடுத்த வருஷம் போட்டி இன்னும் பெரிதாக நடந்தது. காடு பதினான்கு. ஒவ்வொரு காடும் தேடித் தேடி நல்ல தூக்கக்காரராகப் பார்த்து அனுப்பியிருந்தது. கிழக்குக் காட்டிலிருந்து வீரக்காளின் பெரியத்தை வந்திருந்தாள். மேற்கிலிருந்து காது போன கிழவன். பதினான்கு பேரும் ஒரே கழியில் வரிசையாகத் தொங்கிக் குறட்டை விட்டார்கள். பதினான்கு பேருக்கும் பத்துக்குப் பத்து. கண்டத்தின் தரம் எங்கேயோ போய்விட்டது என்று குப்பாண்டி பேசும்போதே அழுதார். எல்லோரும் முதல் என்பதால் மரம் எல்லோருக்கும் பொது, போய்ச் சேர முடிந்தவர்கள் தின்னலாம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

வீரக்காள் அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. அவள் காலையிலேயே குட்டியோடு மரத்துக்குப் போய்விட்டாள். மேல் கிளையில் சாந்தப்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.

குறையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் பரிசு தூங்குகிறவனுக்குத்தான் போகும். ஆற்றைத் தாண்டவேண்டுமென்றால் நாலு தப்போடு தாவுகிறவளின் முதுகில்தான் ஏறியாகவேண்டும்.