டர்போவைக் கழட்டச் சொன்னவர்

“இந்த டர்போவைக் கழட்டிப் போடு அம்மணி,” என்றார் சென்னியப்பன்.

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். சங்ககிரி பைபாஸில் டர்போ வேலைக்கென்றே பட்டறை போட்டிருப்பவள். வயது முப்பத்திரண்டு.

“எதுக்குங்கண்ணா?”

“லிட்டருக்குப் பதினொண்ணுதான் தருது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதினாறு வரலேன்னா காரை வித்துப்போடணும்னு வீட்ல ஒத்தக் கால்ல நிக்கறா.”

இருபத்தேழு வருஷம் ஊரார் காரையெல்லாம் ஓட்டிவிட்டு, போன மாசம்தான் மனுஷன் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார். அதை விற்பதா?

“சூப்பர்சார்ஜரா இருந்தா உங்க கோவம் நியாயம். அது பெல்ட் போட்டு இன்ஜினோட பலத்துலயே பங்கு கேக்கும். டர்போ வெளிய போற புகையில சுத்தறது. நீங்க அழுத்தி மிதிச்சாத்தான் காத்தை நிறைய உள்ள தள்ளும். பெட்ரோலும் கூடவே போகும்.”

“எனக்கே மிதிக்கச் சொல்லித் தர்றியா? கழட்டுன்னா கழட்டு.”

பேசி ஜெயிக்க முடிகிற ஆளில்லை இவர்.

“சரி, போய் டீ குடிச்சுட்டு வாங்க.”

ஒரு மணி நேரம் கழித்து அவள் சாவியை நீட்டினாள்.

“இனிமே யாரையும் முந்தற நெனப்பே வெச்சுக்காதீங்க.”

“முந்தி என்னத்தக் கிழிக்கப் போறோம்? குடு.”

பவானி ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. முன்னே என்றால் விட்டிருப்பாரா? பல்லைக் கடித்துக்கொண்டார். டர்போ இல்லாத வண்டியை மிதித்து என்ன பிரயோஜனம்? போய்த் தொலை என்று விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஒரு மொபெட்டுக்குப் பின்னால்கூடப் பேசாமல் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் லிட்டருக்குப் பதினெட்டு.

நேராகப் பட்டறைக்கு வந்து நின்றார்.

“பதினெட்டு அம்மணி! அன்னிக்கு என்னமோ வியாக்கியானம் பேசினியே. தின்னது அந்த டர்போதான்னு இப்பவாவது ஒத்துக்கறியா?”

பூங்கோதை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“கழட்டினதை எங்க வெச்சிருக்க? குடு, வீட்ல காட்டோணும்.”

அவள் பானெட்டைத் தூக்கி நிறுத்தி விரலால் காட்டினாள்.

டர்போ இருந்த இடத்திலேயே இருந்தது. போல்ட்டு மேலிருந்த தூசுகூடக் கலையவில்லை.

சென்னியப்பன் குனிந்து போல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு ஒரு மணி நேரம் நீ என்ன பண்ணின?”

“நானும் டீ குடிச்சனுங்கண்ணா.”