வீட்டுக்கு ஓர் ஆள்

வெண்காடன் அரண்மனையில் ஓலை எழுதுகிறவன். குன்றின் மேல் பாடம் சொல்லும் சமணப் பெண் துறவிதான் அவனுக்கு ஆசான். ஊரார் அவரைக் குரத்தியார் என்பார்கள். அவனைவிட வயதில் இளையவர், வாயில் மூத்தவர்.

அன்று அவன் படியேறி வந்தபோதே முகம் சரியில்லை.

"அடிகளே, ஓர் ஆற்றுத்திட்டுக்காகப் பக்கத்து நாட்டோடு போர் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு. பெயர்களை நான்தான் எழுதவேண்டும்."

"எழுதும்."

"என் வீட்டில் சேந்தன் இருக்கிறான், என் ஒரே மகன். ஒரு பெயரை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?"

"விட்டுவிடும். பதிலுக்கு எந்த வீட்டில் இரண்டு பேரை எழுதுவீர்?"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போருக்கு எவ்வளவு ஆகுமாம்?"

"அம்புக்கு, குதிரைக் கொள்ளுக்கு, அரிசிக்கு, எல்லாம் கூட்டியாயிற்று. கருவூலம் தாங்கும் என்கிறார் அரசர்."

"கருவூலம் தாங்கும். அது கல்லால் கட்டியது." குரத்தியார் குரல் சூடேறியது. "உம் மகன் பெயரையும் எழுதும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அவன் திரும்பும்வரை அவன் வேலையை யார் செய்வார் என்று வீட்டாரைக் கேட்டு எழுதும்."

வெண்காடன் தெருத்தெருவாகப் போனான்.

பூதனின் தாய் சிரித்தாள். "எம் மகன் வேலையா? தின்கிறதுதான் அவன் வேலை. அதுக்கா ஊர்ல ஆள் இல்லை?"

வெண்காடன் தெருமுனை தாண்டுவதற்குள் ஓடி வந்தாள். "ஓலைக்கார ஐயா, இருங்க. அவங்க அப்பாவுக்குக் கைகால் விளங்காமப் போயி ரெண்டு வருஷமாச்சு. தூக்கி உட்கார வைக்கிறது அவன்தான். என்னால முடியாது. அதையும் எழுதிக்குங்க."

ஏரி மடை திறக்கும் மாறன் வீட்டில் யாரும் பெயர் சொல்லவில்லை. வெள்ளத்தில் மூழ்கி மடைப்பலகையைத் தூக்க, ஊரில் வேறு ஒருவருக்கும் மூச்சு தாங்காது.

கடைசியில் தன் மனைவியைக் கேட்டான்.

"கேட்கிற வாயைப் பார்," என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டான்.

ஆள் ஓலையை அவையில் முழுதும் வாசித்த பிறகே போர்முரசு அறைவது அந்த நாட்டு வழக்கம். எப்போதும் சட்டென்று முடிகிற வேலை. இந்த முறை வெண்காடன் ஒவ்வொருவர் வேலையையும் சேர்த்து வாசிக்க, உச்சிப்பொழுதாகியும் பாதிகூட ஆகவில்லை. அமைச்சர்கள் கொட்டாவி விட்டார்கள்; விலக்குப் பெற்ற அவர்கள் வீட்டுப் பெயர் ஓலையில் இல்லை.

அரசன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மடைக்கு யார்?"

"யாருமில்லை, அரசே."

"கார்த்திகையில் ஏரி உடைந்தால்?"

"பன்னிரண்டு ஊர் போகும்."

"உன் மகனுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாய்?"

"எழுத முடியவில்லை."

அரசன் ஓலையை வாங்கி அந்த வெற்றிடத்தைத் தானே பார்த்தான். பிறகு முரசுக்காரனை வீட்டுக்குப் போகச் சொன்னான்.

"நான் மட்டும் நிறுத்தினால் போதுமா? வெண்காடா, நீயே தூது போ. அவர்களும் இப்படி ஓர் ஓலை எழுதட்டும். பங்குனிவரை பொறுக்கிறேன்."

வெண்காடன் மறுபடி குன்றேறினான்.

"அடிகளே, மகனைக் காப்பாற்ற வழி கேட்டேன். நீங்கள் என்னையே எதிரி ஊருக்கு அனுப்பிவிட்டீர்கள்! அங்கே எனக்கு யாரைத் தெரியும்? எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்?"

"அங்கேயும் ஓலை எழுதுகிறவன் ஒருவன் இருப்பான்," என்றார் குரத்தியார். "தன் மகன் பெயரை எழுதுவதா விடுவதா என்று இந்நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். முதலில் அவன் வீட்டுக்குப் போம்."