வெறுங்கை

நச்சு முறிவுப் பிரிவின் தலைவி டாக்டர் நஸ்ரினுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த குருபரனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மலையோர ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்தவர். அவசரம் அவரோடு கூடவே பிறந்தது.

அன்று காலை பொன்னரசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு வயது. அப்பா வீட்டு வாசலிலேயே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பவர். அந்த ஈயம் குழந்தையின் ரத்தத்தில் ஏறி, வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. இன்னொரு வலிப்பைத் தாங்க மாட்டாள்.

உலோகத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரோடு வெளியேறும் மருந்து ஈடிடிஏ. மேசையில் அதில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்றின் பெயரில் மட்டும் ‘கால்சியம்’ என்ற சொல் கூடுதல். குருபரன் மற்றதை எடுத்தார்.

“ஏன் சார் அது?” என்றார் நஸ்ரின்.

“இன்னொன்னுல ஏற்கெனவே கால்சியம் ஒட்டிக்கிட்டு இருக்கு மேடம். கை நிறைஞ்சிருக்கிறது ஈயத்தை எப்படிப் பிடிக்கும்? இது வெறுங்கை. நிறையப் பிடிக்கும்.”

குழந்தையிடம் எடுத்த ரத்தம் இரண்டு குழாய்களில் தட்டில் இருந்தது. நஸ்ரின் சிவப்பு மூடிக் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறைந்துபோய் அசையாமல் நின்றது. ஊதா மூடிக் குழாயைச் சாய்த்தார். தண்ணீராக ஓடியது.

“ரெண்டும் ஒரே குழந்தையோட ரத்தம். இது ஏன் சார் உறையல?”

இந்த நேரத்தில் பரீட்சையா என்று குருபரனுக்கு எரிச்சல் வந்தது.

“குழாய்க்குள்ள ஈடிடிஏ இருக்கு. உறையறதுக்கு வேணுங்கிற கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டது.”

“கொஞ்சமாச்சும் மிச்சம் விட்டுச்சா?”

“இல்...”

வாய் பாதியில் நின்றது. கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது. கையிலிருந்த குப்பியைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, மற்ற குப்பியை எடுத்து நீட்டினார்.

நஸ்ரின் அதைக் குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்.

“இருந்தாலும் மேடம்,” என்றார் குருபரன். “நிறைஞ்ச கை எப்படி...”

“ஈயத்தைக் கண்டா, கையில இருக்கிறதை விட்டுட்டு அதைப் பிடிச்சுக்கும் சார். வெறுங்கையா போறது, முதல்ல எதிர்ப்படறதைப் பிடிச்சுக்கும்.”

ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து, காதில் மாட்டும் முனையை அவரிடம் நீட்டினார்.

“இங்க முதல்ல எதிர்ப்படறது ஈயம் இல்ல.”