அத்திப்பழமும் இருவாட்சிக் குஞ்சும்

மேற்கு மலைச் சரிவில் ஓங்கி நின்ற குங்கிலிய மரத்துப் பொந்தில் மருதி என்ற இருவாட்சிப் பறவை முட்டையிட்டிருந்தாள். இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய் பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டு வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடுவாள். நடுவில் ஒரு கீறல் மட்டும் இருக்கும். தகப்பன் தொண்டையில் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீறல் வழியே கொடுப்பான்.

போன வருடம் கோடை மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. மருதியின் கணவன் கூவனால் வர முடியவில்லை. நான்காம் நாள் அவன் பழத்தோடு வந்தபோது குஞ்சு வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து குஞ்சு அழும் சத்தத்தை மருதியால் தாங்க முடியாமல் போயிற்று.

இந்த வருடம் பிறந்த மகனுக்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். பொட்டு வாயைத் திறந்தால் அத்திப்பழம். வெயில் கண்ணில் பட்டு அழுதாலும் அத்திப்பழம். பொழுது போகாமல் முனகினாலும் அதேதான். கூவன் வண்டும் ஓணானும் துவர்ப்புக் காயும் கொண்டுவருவான். பொட்டு துப்பிவிடுவான். உடனே மருதி, பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று கூவனை மறுபடியும் அத்தி மரத்துக்கே விரட்டுவாள். தன் பங்கையும் மகனுக்கே கொடுத்துவிடுவாள்.

அடுத்த கிளையில் குடியிருந்த மலையணில் செவந்தி ஒருநாள் கீறல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை நல்லா புஷ்டியா இருக்கான், மருதி. பொந்து அவனுக்குத் தைச்ச சட்டை மாதிரி ஆயிடுச்சு."

மருதியின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

பொந்துக்குள் இடம் போதாமல் போனதும், வழக்கப்படி அவள் வாசலில் பூசிய மண்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன்பிறகு வாசலைக் குஞ்சுதான் பூசிக்கொள்ள வேண்டும். உள்ளேயே இறக்கையை அடித்துப் பழக வேண்டும். மகனுக்குக் கஷ்டம் வேண்டாமென்று சுவரையும் மருதியே பூசிக் கொடுத்தாள். பொட்டு சாப்பிட்டான், தூங்கினான்.

வைகாசி பிறந்து பாதி போயிற்று. மற்ற மரத்துக் குஞ்சுகள் பறந்துவிட்டன. பொந்தின் வாசல் மேற்குப் பார்த்தது. தென்மேற்கு மழை இறங்கினால் தண்ணீர் நேராக உள்ளே பாயும். அதற்குள் பிள்ளை வெளியே வந்தாக வேண்டும் என்றான் கூவன்.

அவன் சுவரைத் தட்டி உதிர்த்துவிட்டு எதிர்க்கிளையில் உட்கார்ந்து கூப்பிட்டான். பொட்டு எழுந்தான். தலை வெளியே வந்தது. மார்பு வாசலில் சிக்கியது. இரண்டு தரம் உந்திப் பார்த்துவிட்டு உள்ளே சரிந்தான்.

"அம்மா, மூச்சு வாங்குது" என்றான்.

பயத்தில் மருதிக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. இளைத்தால்தானே வெளியே வர முடியும்? அன்றோடு சாப்பாட்டை நிறுத்தினாள். கூவனையும் பழம் கொண்டுவர வேண்டாமென்று தடுத்துவிட்டாள். பொட்டு அழ அழ மரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் அழுகை நின்றது. அவள் ஓடிவந்து பார்த்தாள். புதிதாக முளைத்த இறகுகளில் பட்டினியால் வெளிறிய கோடு விழுந்திருந்தது. ஒன்று நடுவில் ஒடிந்தும் இருந்தது. மகனின் அலகு மூடியே கிடந்தது. அந்த மூடிய அலகை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"போன வருஷம் மழை செஞ்சதை இந்த வருஷம் நானே செஞ்சுட்டேன்" என்றாள்.

கூவன் அவளைத் திட்டவில்லை. ஒரு பழத்தை நசுக்கிச் சாற்றை மகனின் அலகில் விட்டான். சற்றுக் கழித்து இன்னொன்று. பொட்டு கண் திறந்தான்.

அப்போதுதான் மருதி இத்தனை நாளில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்னங்க, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுறீங்க?"

"விடிஞ்சதும் ஒரு தரம், பொழுது சாயறப்ப ஒரு தரம். நடுவுல பறக்கிறேன்."

வளரும் பிள்ளைக்கு நான்கு வேளை என்று அவள் முடிவு செய்தாள். வேளைக்கு நாலைந்து அத்திப்பழம், அதோடு வண்டும் துவர்ப்புக் காயும். முதலில் துப்பினான். அடுத்த வேளையில் பசி இருந்தது. விழுங்கினான். சாப்பிடும் முன் இருபது தரமாவது இறக்கை அடிக்க வேண்டும்.

நடுவில் அழுதால்தான் அவளுக்குச் சோதனை. கால் தானாக அத்தி மரத்துப் பக்கம் திரும்பும். அடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "பசிக்குதா கண்ணு, பயமா இருக்கா?" என்று கேட்பாள்.

பாதி நேரம் அவன், "நீ இங்கயே இரு" என்பான். அவள் அலகை உள்ளே நீட்டி அவன் தலையைக் கோதுவாள். அழுகை நின்றுவிடும்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஆனால் பதினைந்து நாளில் பொட்டின் உடம்பு இளைத்து இறுகியது, பொந்துக்குள் இறக்கை அடிக்கும் சத்தம் பலத்தது. பதினாறாம் நாள் மேகம் மலையை மூடியது. முதல் மழை வாசலில் சாய்ந்து அடித்தது.

பொட்டு மார்பை வெளியே தள்ளினான். வாசல் விளிம்பில் ஒரு இறகு பிய்ந்து நின்றது. அடுத்த கணம் அவன் வெளியில் இருந்தான். விழுந்தான், அடித்தான், எழும்பினான். தள்ளாடிக்கொண்டே நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்துவிட்டான்.

அங்கிருந்து வாயைத் திறந்து அழுதான். கூவன் தொண்டையில் பழத்தோடு கிளம்பினான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மருதி.

பொட்டு சுற்றிலும் பார்த்தான். மழையை உதறினான். மரப்பட்டையில் ஊர்ந்த ஒரு வண்டைக் கொத்தி, தலையை உயர்த்தி விழுங்கினான். பிறகு அடுத்த கிளைக்குப் பறந்தான்.

அழும்போதெல்லாம் ஊட்டுவதும் அன்பல்ல, பயந்துபோய்ப் பட்டினி போடுவதும் அன்பல்ல. வேளைக்கு அளவாகச் சாப்பிட்டு நாள்தோறும் உடலை அசைக்கப் பழக்குவதே பிள்ளையை வாழவைக்கும்.